பாஸ்போர்ட் இல்லாத பெரியப்பா

அமெரிக்காவில் வேலை போய், ஹெச்-1பி போய், அடுத்த மாதம் எங்கே படுப்பது என்று தெரியாமல் விழிக்கிறவனுக்குப் பெரியப்பாவிடம் ஒரே மருந்துதான்.

"அங்கனயே ஒரு பிள்ளையப் பாத்துக் கட்டிக்கிறச் சொல்லு. சிட்டிசனாப் பாத்து."

சிங்கப்பூரில் பெர்மிட் முடிந்தவனுக்கும் அதேதான். துபாயில் பாஸ்போர்ட்டை முதலாளியிடம் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்க முடியாமல் தவிக்கிறவனுக்கும் அதேதான். லண்டனில் படிக்கப் போய், காலேஜில் அட்டண்டன்ஸ் குறைந்துவிட்டது என்று அழுதவனுக்கும் தயங்காமல் அதையே சொன்னார். விசா முடிய ஒரு வாரம்தான் இருக்கிறது என்று இன்னொருவன் போனில் புலம்பியபோது, "ஒரு வாரம் இருக்குல்ல, அதுக்குள்ள ஒரு முகூர்த்தம் வராமயா போயிரும்?" என்றார்.

கம்பத்தில், சின்னமனூரில், உங்கள் தெருவில் இருப்பவரை உங்களுக்கே தெரியும். எங்களுடையவர் போடிக்காரர். பாஸ்போர்ட் எடுத்ததே இல்லை. மதுரை விமான நிலையத்துக்கு வழியனுப்பும் வேனில் போவார். வாசலில் நின்று கையாட்டுவார். திரும்பி வரும்போது, போனவனின் விசாவில் என்ன கோளாறு என்று வேனில் இருப்பவர்களுக்கு விளக்கிக்கொண்டு வருவார். போனவனுக்குத் தாயும் தகப்பனும் அதே வேனில்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

சிங்கப்பூர் விஷயத்தில் அவரை மடக்கியே தீருவது என்று ஒரு நாள் உட்கார்ந்தேன். அங்கே ஒர்க் பெர்மிட்டில் வேலை பார்க்கிறவன் சிங்கப்பூர்க் குடிமகளையோ நிரந்தரவாசியையோ கட்ட வேண்டுமென்றால், மனிதவள அமைச்சிடம் அனுமதி வாங்க வேண்டும். பெர்மிட்டை முடித்துக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டவனுக்கும் அந்த விதி உண்டு. சொன்னேன்.

"கல்யாணத்துக்கு அமைச்சர் அனுமதியா?"

"ஆமா பெரியப்பா."

"நம்மூர்ல அமைச்சரே வந்து தாலி எடுத்துக் குடுக்குறாருப்பா. கேட்டாக் குடுக்காமயா இருப்பாரு?"

சரி, பெர்மிட் முடிந்து 90 நாளுக்கு மேல் ஒளிந்திருந்து பிடிபட்டால் சிறையோடு குறைந்தது மூன்று பிரம்படி என்றேன். கொஞ்சம் அசைந்தார். ஐம்பது வயது தாண்டிய ஆண்களுக்குப் பிரம்படி கிடையாது என்பதையும் நேர்மையாகச் சொல்லித் தொலைத்தேன். உடனே முகம் தெளிந்துவிட்டது. "அப்ப நான் போலாம்" என்றார்.

துபாய்க்கு இவ்வளவு நேரம் ஆகவில்லை. அமீரகத்து ஜனத்தொகையில் குடிமக்கள் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். எங்கள் பையன் அங்கே போய் ஆறேழு வருடம் ஆகிறது. அந்த ஊர்க்காரர் ஒருவரோடு அவன் பேசியதெல்லாம் ஏர்போர்ட்டில் முத்திரை குத்திய அதிகாரியோடுதான். அதிலும் பேசியது அவர், இவன் தலையாட்டினான். அவனைப் போன்றவர்களைக் கரையேற்றியது பொதுமன்னிப்பு. 2018-ல் ஒரு முறை அறிவித்தார்கள். 2024 செப்டம்பரில் தொடங்கி அந்த வருடக் கடைசி வரை மறுபடியும் அபராதத்தைத் தள்ளுபடி செய்து அனுப்பிவைத்தார்கள். பொதுமன்னிப்பில் வந்து இறங்கியவனைப் பார்த்துப் பெரியப்பா, "நாஞ் சொன்னதக் கேட்டிருந்தா அங்கனயே இருந்திருக்கலாம்" என்றார்.

அமெரிக்காதான் என் வாயை அடைத்த இடம். அங்கே அவர் சொல்வது பாதிக்கு மேல் சரி. அதுதான் எரிச்சல்.

முறையாக விசா காட்டி, சோதனை முடித்து உள்ளே போனவன், அதன்பிறகு தங்கும் கெடு தாண்டிவிட்டாலும், உண்மையாகவே ஒரு அமெரிக்கக் குடிமகளை மணந்துகொண்டால், நாட்டை விட்டு வெளியே வராமலே கிரீன் கார்டுக்கு மனுப் போடலாம். கெடு தாண்டித் தங்கியதைச் சட்டம் மன்னிக்கிறது. இடையில் அனுமதியில்லாமல் வேலை பார்த்திருந்தால் அதையும் மன்னிக்கிறது. குடிமகளாக இருக்க வேண்டும். கிரீன் கார்டு மட்டும் வைத்திருக்கும் பெண் என்றால் இந்தச் சலுகை இல்லை. ஆகப் பெரியப்பா ஒவ்வொரு முறையும் "சிட்டிசனாப் பாத்து" என்று அழுத்துகிறாரே, அந்த அழுத்தம்கூடச் சட்டப்படி சரியாக இருந்து தொலைக்கிறது. எந்த வக்கீலிடமும் கேட்காமல், எந்தப் புத்தகமும் புரட்டாமல், பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் உட்கார்ந்தபடியே இந்த ஒரு விதியில் மட்டும் குருட்டாம்போக்கில் கால் வைத்துவிட்டார். அன்றிலிருந்து ஆளைப் பிடிக்க முடியவில்லை.

அதோடு விட்டாரா? நேர்காணலுக்குப் பயிற்சி வேறு கொடுப்பார். காகிதக் கல்யாணமா நிஜக் கல்யாணமா என்று கண்டுபிடிக்க அதிகாரிகள் புருஷனையும் பெண்டாட்டியையும் தனித்தனியே வைத்துக் குடைவதுண்டு. பொய்க் கல்யாணம் என்று தெரிந்தால் ஐந்து வருடம் வரை சிறை, இரண்டரை லட்சம் டாலர் வரை அபராதம். இது காதில் விழுந்ததிலிருந்து வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜாக அனுப்பிக்கொண்டிருக்கிறார். "ஏப்பா, அந்தப் பிள்ள கட்டில்ல எந்தப் பக்கம் படுக்குது? பல்லு வெளக்குற பிரஷ்ஷு என்ன கலரு? மாமியா பேரு என்ன? கேட்டா டக்கு டக்குனு சொல்லணும்." நடுராத்திரியில் டெக்ஸாஸில் ஒருவன் இதை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்க நேர்ந்தது. பக்கத்தில் அந்தப் பிள்ளையும் இருந்தது.

பெரியம்மா காப்பிக்குச் சர்க்கரை போடுவாரா என்று பெரியப்பாவிடம் கேட்டேன். யோசித்தார். பெரியம்மா காப்பியே குடிப்பதில்லை. இந்த நேர்காணலில் முதல் கேள்வியிலேயே தோற்கக்கூடிய தம்பதிகள் எங்கள் ஜில்லாவில் முப்பது, நாற்பது வருடமாகச் சேர்ந்து குடித்தனம் பண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் மொய் நோட்டு யோசனை அவருடையதுதான். அதற்கு ஒரு கும்பிடு போட வேண்டும். கல்யாணம் நிஜம்தான் என்பதற்கு ஜாயிண்ட் பேங்க் அக்கவுண்ட், வாடகை ஒப்பந்தம், போட்டோக்கள் என்று கேட்கிறார்கள். பெரியப்பா சொன்னார்: "பணம் வாங்கிக்கிட்டுப் பொய்யா கல்யாணம் பண்றவனுக்கு ஐநூறு பேரு மொய் எழுதுவானா? நோட்ட அனுப்பு." அந்த டெக்ஸாஸ் பையனின் பெற்றோர் மாப்பிள்ளையும் பெண்ணும் இல்லாமலே போடியில் வரவேற்பு வைத்து, வீடியோ காலில் இருவரையும் காட்டி, மொய்யும் வாங்கியிருந்தார்கள். பிறமொழி ஆவணம் என்றால் முழுவதையும் ஆங்கிலமாக்கித் தர வேண்டும். நான்தான் உட்கார்ந்து ஆக்கினேன். 'ரெட்டைத்தென்னை மர வீடு, 101, ஒரு பித்தளைக் குடம்', 'பழைய பாக்கி போக 500', 'பெயர் சொல்லாதவர், 51.' வக்கீல் அம்மாள் அதைப் படித்துவிட்டு, இவ்வளவு நம்பும்படியான ஆவணத்தைத் தான் பார்த்ததில்லை என்றாராம்.

இந்த மனிதருக்குக் கல்யாணத்தின் மேல் இப்படி ஒரு நம்பிக்கை எங்கிருந்து வந்தது? போடிமெட்டிலிருந்து. அதிகாலையில் போடியிலிருந்து ஜீப் ஏறி, முந்தல் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கி மேலே போனால் கேரளா. ஏலக்காய் எடுக்க அன்றாடம் ஆட்கள் போய்ப் பொழுது சாய இறங்கி வருகிறார்கள். 1956-ல் மாநிலம் பிரித்து, தேவிகுளத்தையும் பீர்மேட்டையும் கேரளத்தோடு சேர்த்தார்கள், ஜீப் நிற்கவில்லை. பெண் கொடுத்து எடுப்பதும் நிற்கவில்லை. பெரியப்பா கட்டியது பூப்பாறைப் பெண். கூடவே மாமனார் வழியில் இரண்டு ஏக்கர் ஏலத்தோட்டமும், காய் உலர்த்தும் ஸ்டோரில் ஒரு பங்கும் வந்தன. எல்லையைத் தாண்டிப் போய் ஒரு பெண்ணைக் கட்டினார். அந்தப் பக்கத்து மண் அவருடையதாகிவிட்டது. ஒரு ஃபாரம் நிரப்பவில்லை. அமெரிக்கா என்பது ஏரோப்ளேனில் போக வேண்டிய பூப்பாறை என்று அவர் நினைத்தால் அதில் என்ன ஆச்சரியம்?

மண் அவருடையது என்று நான் சொன்னதைக்கூடக் கொஞ்சம் நிதானித்துச் சொல்ல வேண்டும். ஏலமலைக் காட்டில் மரம் வனத்துறைக்கு, நிலம் வருவாய்த் துறைக்கு. அது காடா, தோட்டமா என்கிற வழக்கு உச்ச நீதிமன்றத்தில் கிடக்கிறது. 2024 அக்டோபரில் அங்கே புதிதாகப் பட்டா கொடுக்கக் கூடாது என்று தடையும் போட்டிருக்கிறார்கள். ஆகக் காகிதம் சரியில்லாத இடத்தில் காலம் தள்ளுவது என்றால் என்னவென்று பெரியப்பாவுக்கு உள்ளூரத் தெரியும். வெளிநாட்டில் மாட்டிக்கொண்ட பையன்களுக்காக அவர் நிஜமாகவே கண் கலங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

கல்யாணத்தைக் காட்டி எல்லை தாண்டும் அவருடைய சூத்திரம் சொந்த மலையிலேயே ஒரு முறை படுத்துவிட்டது. 2020 ஊரடங்கில் போடிமெட்டுச் சோதனைச் சாவடியில் இ-பாஸ் கேட்டார்கள். "எஞ் சம்சாரம் பூப்பாறைக்காரி" என்றிருக்கிறார். "வாழ்த்துகள், இ-பாஸ் எங்கே?" என்று போலீஸ்காரர் கேட்டாராம். அதை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை.

இதுவரை சொன்னது சிரிப்பதற்கு. இனிமேல் சொல்வதில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மொய் நோட்டு அனுப்பினோமே, அந்தப் பையனுக்குத் தங்கும் கெடு முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. கெடு என்பது பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசாவின் தேதி அல்ல. உள்ளே நுழையும்போது பதிவாகும் ஐ-94 தேதி. அதிலிருந்து 180 நாளுக்கு மேல் தங்கிவிட்டு வெளியே வந்தால், மூன்று வருடம் திரும்ப நுழைய முடியாது. ஒரு வருடமோ அதற்கு மேலோ தங்கிவிட்டு வந்தால் பத்து வருடம். 1996-ல் போட்ட சட்டம். இதில் உள்ள வஞ்சகம் என்னவென்றால், உள்ளேயே இருக்கும் வரை இந்தத் தடை விழாது. வெளியே கால் வைத்த நிமிஷம் விழும். குடிமகளின் புருஷனை உள்ளே இருக்கும் வரை மன்னிக்கிற அதே சட்டம், வாசல் தாண்டினால் கதவைச் சாத்திவிடுகிறது. கார்டு கைக்கு வரும் வரை, அல்லது வெளியே போய்வர முன்அனுமதி வரும் வரை, அசையக் கூடாது என்று வக்கீல் அம்மாள் எழுத்திலேயே கொடுத்திருந்தார்.

பெரியப்பா இங்கே அவனுடைய கிரீன் கார்டுக்காக வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு அக்னிச் சட்டி நேர்ந்திருந்தார். சித்திரைத் திருவிழா வந்தது. "நேந்துக்கிட்டா நீதாம்ப்பா எடுக்கணும். ஒரு எட்டு வந்துட்டுப் போ. நீ இப்ப சிட்டிசன் புருஷன், உன்ன எவன் கேப்பான்?" தினமும் போன். அவன் அம்மாவையும் அழவிட்டுப் பேசவைத்தார். வந்தான். சட்டி எடுத்தான். போட்டோவில் நன்றாகவே இருக்கிறான். உள்ளே இருந்து போட்டிருந்த மனு, அவன் விமானம் ஏறியதோடு கைவிடப்பட்டதாகிவிட்டது. பிறகு மனைவி அங்கிருந்து மறுபடி ஆரம்பித்து, மும்பை அமெரிக்கத் துணைத் தூதரக நேர்காணல் வரை வந்து, அங்கே பத்து வருடம் என்று சொல்லிவிட்டார்கள்.

கிரீன் கார்டுக்காக நேர்ந்த கடனைச் செலுத்த வந்து கிரீன் கார்டு போயிற்று. அந்தச் சட்டியைப் பெரியப்பாவே எடுத்திருக்கலாம். அம்மன் ஐ-94 கேட்கிறவள் இல்லை. எதற்கும் ஒரு பதிலை உடனே சொல்லியாக வேண்டும், 'எனக்குத் தெரியாதுப்பா, வக்கீலக் கேளு' என்பது மட்டும் வாயில் வராது என்றால், அந்த வாயை டீக்கடையோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதானே? இதை அவர் முகத்துக்கு நேராகவே கேட்டேன். பதில் பேசவில்லை. அவர் பதில் பேசாமல் இருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

பையன் இப்போது போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிறான். அவன் இல்லாமல் மனைவிக்கு மிகக் கடுமையான இடர் ஏற்படும் என்று நிரூபித்தால் தடையைத் தளர்த்த வழி இருக்கிறது. அதற்கு மனுப் போட்டிருக்கிறார்கள். வாராவாரம் பெரியப்பா அந்தக் கடைக்கு வந்து, மனு எந்த மேஜையில் இருக்கிறது என்று விசாரித்துவிட்டுப் போகிறார். போன மாதம் கையில் ஒரு பையோடு வந்தார். அவர் தோட்டத்துக் காய். 8 மில்லிமீட்டருக்குக் குறையாமல் பொறுக்கிய பச்சைக் காய், ஒரு கிலோ. மனுவைப் பார்க்கும் அதிகாரிக்கு அனுப்பிவைக்க முகவரி வேண்டுமாம்.

"பெரியப்பா, அது லஞ்சம். உள்ள தூக்கிப் போட்டுருவாங்க."

கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அப்ப அரைக் கிலோ போதுமா?"