பட்டியல் பெரியவர்

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி என்னும் மேற்குப் புறநகர்களில் எந்தக் காலனிக்குள் நுழைந்தாலும், ஒரு பிள்ளையார் கோவிலும், தண்ணீர்க் கேன் போடுகிற கடை ஒன்றும், பிறர் வீட்டுப் பிள்ளைகள் எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவில் சேரவேண்டும் என்பதை அவர்களைப் பெற்றவர்களைக் காட்டிலும் அதிக சிரத்தையோடு நிர்ணயித்து வைத்திருக்கும் பெரியவர் ஒருவரும் அங்கே இருப்பதைத் தவறாமல் காணலாம். கோவிலுக்கும் கடைக்கும் பெயர்ப்பலகை உண்டு. பெரியவருக்கு அது அவசியமில்லை. எங்கள் திருமுல்லைவாயிலில் "லிஸ்ட் சார் வீடு" என்று ஆட்டோக்காரரிடம் சொன்னால் போதும். கலந்தாய்வுக் காலத்தில் அதையும் சொல்ல வேண்டியதில்லை, வாசலில் கிடக்கும் செருப்புகளே அடையாளம்.

இந்த வகைப் பெரியவர்கள் ஆகாயத்திலிருந்து குதிப்பவர்கள் அல்லர். 1961-ல் ஆவடியில் நிறுவப்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலையிலோ, 1964-ல் எழுந்த அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் ஏதாவதொரு பட்டறையிலோ, ஸ்டோர்ஸ் என்றும் பிளானிங் என்றும் சொல்லப்படும் பிரிவுகளில் முப்பது வருஷம் உட்கார்ந்து, எந்தச் சாமான் முதலில் வரவேண்டும், எது வராவிட்டாலும் பாதகமில்லை என்று வரிசை போட்டே தலை நரைத்தவர்களாக இருப்பார்கள். பணி ஓய்வு பெற்ற மறுநாள் காலையில், வரிசைப்படுத்த இனி உலகத்தில் எதுவுமே இல்லையே என்ற விசாரம் அவர்களைப் பற்றிக்கொள்ளும். எங்கள் லிஸ்ட் சார் முதலில் தம் வீட்டு மளிகைச் சாமான்களை ஒரு நோட்டில் வரிசைப்படுத்திப் பார்த்தார். அவருடைய தர்மபத்தினி இரண்டாம் நாளே அந்த நோட்டைப் பரண்மேல் போட்டுவிட்டார். பிறகு சில காலம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டருடன், கண்ட கண்ட இலாகாக்களுக்கெல்லாம் மனுப் போட்டுக்கொண்டிருந்தார். நல்ல வேளையாக அவருடைய மகள் எம்.பி.பி.எஸ். முடித்து, முதுநிலைப் படிப்புக்கான நீட் தேர்வை எழுதினாள். குடும்பமும் பிழைத்தது, காலனிக்கும் ஒரு நிபுணர் கிடைத்தார்.

அந்தத் தேர்வில் ஒரு டாக்டர் வாங்கும் ரேங்க் வாங்கியதுதான். அதை மாற்றப் பிரம்மதேவனாலும் ஆகாது. அதற்குமேல் அவர் செய்யக்கூடியதெல்லாம், இந்தக் கல்லூரியில் இந்தப் பிரிவு வேண்டும், அது இல்லையேல் இது, என்று தம் விருப்பங்களை முறையாக எழுதிக் கணினியில் ஏற்றிப் பூட்டுவதுதான். இதற்குச் சாய்ஸ் ஃபில்லிங் என்று பெயர். அரசுக் கல்லூரி இடங்களில் பாதி அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போய்விடுவதால் டில்லியில் இருக்கும் மருத்துவக் கலந்தாய்வுக் குழுவுக்கு ஒரு பட்டியல், மாநிலத்துப் பங்குக்காகக் கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் தேர்வுக் குழுவுக்கு மற்றொரு பட்டியல் என்று இரண்டு தயாராக வேண்டும். அகில இந்தியச் சுற்றுகளில் முதலில் கிடைத்ததை விட்டால் நஷ்டமில்லை. இரண்டாவதில் கிடைத்ததை விட்டால், பொதுப் பிரிவினர் கட்டிய 25,000 ரூபாய் முன்பணம் போனது போனதுதான். ஆனால் இந்த ஏற்பாட்டில் நேர்முகமும் கிடையாது, முகஸ்துதியும் கிடையாது. ஒதுக்கீடு முடிந்த கையோடு, எந்த ரேங்க்காரருக்கு எங்கே என்ன கிடைத்தது என்பது சகலமும் பி.டி.எஃப். ஆக வெளிவந்துவிடும்.

இந்தப் பி.டி.எஃப்.தான் லிஸ்ட் சாருடைய வேதம். முந்தைய வருஷங்களின் ஒதுக்கீடுகளை அச்செடுத்து, காலிகோ ஒட்டிப் பைண்டு செய்து, சுவாமி அலமாரிக்குக் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறார். ஸ்டான்லியில் ஸ்கின் போன வருஷம் எந்த ரேங்கில் குளோஸ் ஆயிற்று என்று நடுநிசியில் எழுப்பிக் கேட்டாலும், போர்வையை விலக்காமலே விடை வரும். பட்டியல் போடும் நோட்டு வேறு. அது லாங் சைஸ்; சிவப்பு மை கிடைக்காததற்கு, நீலம் கிடைக்கக்கூடியதற்கு, பச்சை கிடைத்தும் போகக்கூடாததற்கு. பூந்தமல்லி நெடுஞ்சாலை ஓரமாக வளர்ந்திருக்கும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கென்று தனி நோட்டு ஒன்று உண்டு. அதன் அட்டையில் "வங்கி" என்று மட்டும் எழுதியிருக்கும்.

அவர் பட்டியல் போடுகிற வைபவத்தைப் பக்கத்திலிருந்து பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிட்டியிருக்கிறது. கொரட்டூரிலிருந்து ஒரு தாயும் தகப்பனும் டாக்டர் பெண்ணுடன் வந்திருந்தார்கள். பெண்ணை ஸ்டூலில் உட்காரவைத்து, அவளுடைய ரேங்க்கை மட்டும் கேட்டுக்கொண்டு, பிறகு முக்கால் மணி நேரம் பெற்றோரோடு மட்டுமே சம்பாஷித்தார். சென்னை மருத்துவக் கல்லூரி முதலில் வரவேண்டும். 1835-ல் தொடங்கியது என்பதற்காக அன்று, கொரட்டூரில் ஏறினால் சென்ட்ரலில் இறங்கி நடந்தே போய்விடலாம் என்பதற்காக. ஸ்டான்லிக்கு பேஸின் பிரிட்ஜில் இறங்கி வேறு வழி பார்க்கவேண்டியிருப்பதால் அது ஒரு படி கீழே. 2022-ல் திறந்த திருவள்ளூர்க் கல்லூரியில் பட்டமேற்படிப்பு முழுதாக வளர்ந்துவிட்டால் எதிர்த்திசை ரயிலில் ஜன்னலோரமே கிடைக்கும் என்று, இல்லாத இடத்துக்கும் ஓர் இடம் ஒதுக்கினார். பூந்தமல்லிப் பையன் ஒருவனுக்கு, கலங்கரை விளக்கம் வரை போகப்போகும் மெட்ரோவை மனத்தில் கொண்டு, கே.கே. நகர் ஈ.எஸ்.ஐ. கல்லூரியை நாலு படி ஏற்றிவிட்டதாக இடையில் பெருமையோடு பிரஸ்தாபித்தார்.

"உனக்கு எதுல இஷ்டம்மா?" என்று கடைசியில், காபி டம்ளரைக் கீழே வைத்தபிறகு, பெண்ணைக் கேட்டார்.

"சைக்கியாட்ரி, அங்கிள். கீழ்ப்பாக்கம் ஐ.எம்.எச்.லயே கிடைச்சா ரொம்ப சந்தோஷம்."

1794-ல் தோன்றிய அந்த மனநலக் காப்பகம் இன்று சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஸ்தாபனம். அந்தத் துறையைக் கற்க அதைவிட விசேஷமான இடம் இந்த மாகாணத்தில் இல்லை. ஆனால் தாயாருக்கு முகம் வெளுத்துவிட்டது. "சார், நாளைக்குச் சம்பந்தம் பேச வர்றவங்ககிட்ட பொண்ணு கீழ்ப்பாக்கத்துல இருக்கான்னு எப்படி சார் சொல்றது?"

லிஸ்ட் சார் கண்ணை மூடி யோசித்து, சைக்கியாட்ரியை நாற்பத்து மூன்றாவது இடத்தில் பச்சை மையால் எழுதினார். இதில் அவரை மட்டும் குற்றம் சொல்லுவதற்கில்லை. பிள்ளையின் ஆசையை மட்டும் கேட்டுப் பட்டியல் போட்டால் அது அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். ரயில், சம்பந்தி, அரசுப் பணி பாண்டு, இரவு டியூட்டி, அத்தை மகன் எடுத்த பிரிவு, ஜோசியர் சொன்ன திசை ஆகியவற்றுக்கெல்லாம் இடம் கொடுத்தால்தான் குடும்பப் பட்டியல் என்று சொல்லத் தகும்.

இப்படி நிர்விக்கினமாக நடந்துவந்த அவருடைய ராஜ்யபாரத்துக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு சோதனை வந்தது. எங்கள் தெருக் கடைசி வீட்டுப் பையன், இங்கே எம்.பி.பி.எஸ். முடித்தவன், அந்நாட்டு உரிமத் தேர்வுகளைப் பாஸ் செய்துவிட்டு, இன்டர்னல் மெடிசின் ரெசிடென்சி என்னும் மேற்பயிற்சிக்கு மனுச் செய்திருந்தான். ஏழு ஆஸ்பத்திரிகள் நேர்முகத்துக்கு அழைத்தன. எல்லாம் வீடியோவில்தான்; கிழக்குப் பகுதி ஊர்களின் காலை ஒன்பது மணி குளிர்காலத்தில் நமக்கு மாலை ஏழரை ஆகையால், கார்த்திகை மாதத்தில் ஒரு நேர்முகமும் அடுத்த வீட்டு ஐயப்ப பஜனையும் ஒரே முகூர்த்தத்தில் ஆரம்பமாயின. ஓஹையோவில் இருந்த அந்த ஆஸ்பத்திரி அதிகாரி, சரணகோஷத்தைக் கேட்டுவிட்டு, இது என்ன பாட்டு என்று விசாரித்துச் சிரித்தாராம். பிறகு அங்கே பயிற்சியில் இருக்கும் இளம் டாக்டர் ஒருவர், சம்பளம், தூக்கம், பனிக்காலம் எல்லாவற்றையும் பற்றி ஒளிவுமறைவில்லாமல் அரை மணி நேரம் பேசினாராம். பையனுக்கு அந்த இடத்தின்மீதே மனம் போய்விட்டது. பிப்ரவரியில், நேர்முகம் கண்ட ஏழு இடங்களையும் வரிசைப்படுத்திச் சமர்ப்பிக்கவேண்டிய தருணம் வந்ததும், அவனுடைய தகப்பனார் அவனைக் கையோடு லிஸ்ட் சாரிடம் அழைத்து வந்தார்.

"போன வருஷ பி.டி.எஃப். குடு தம்பி" என்றார் லிஸ்ட் சார்.

அங்கே அப்படி ஒன்று கிடையாது. ஆஸ்பத்திரிகளும் டாக்டர்களைத் தம் பட்டியலில் வரிசைப்படுத்தும்; ஆனால் யார் யாரை எத்தனையாவது இடத்தில் வைத்தார்கள் என்பதை ஆஸ்பத்திரியும் சொல்லாது, டாக்டரும் சொல்ல வேண்டியதில்லை. உன் வரிசை என்ன என்று ஒருவரையொருவர் கேட்பதே விதிக்கு விரோதம். இதைக் கேட்டு அவர் சிறிது நேரம் பேச்சற்று இருந்தார். ஆனால் அனுபவசாலிக்கு ஆயுதம் ஒன்றா இரண்டா? புது நோட்டை எடுத்துப் பத்திகள் போட்டார். பிட்ஸ்பர்க் முதலிடம் பெற்றது. 1970-களில் எழுந்த வேங்கடேஸ்வரர் கோவில் அங்கே இருக்கிறது. நியூயார்க் இரண்டாவது, ஃப்ளஷிங்கில் பிள்ளையார், அடுத்த மாநிலத்தில் பையனுடைய சித்தப்பா. பையன் கெஞ்சியதன்பேரில், கிளீவ்லாந்தில் 1978 முதல் தியாகராஜ ஆராதனை நடக்கிறது என்ற நியாயத்தை ஒட்டி, ஓஹையோவை ஐந்திலிருந்து மூன்றுக்கு உயர்த்தினார். பையனுக்கு சரிகமவில் ஸரிகூட வராது என்பது வேறு விஷயம். ஜே-1 விசாவில் எடுக்கும் ஆஸ்பத்திரிகளில் சேர்ந்தால், படித்து முடித்ததும் இரண்டு வருஷம் தாய்நாட்டில் இருக்கவேண்டும் என்றதும் பையனின் தாயார் அவற்றையெல்லாம் மேலே ஏற்றச் சொன்னார்; தகப்பனார் அதே காரணத்துக்காகக் கீழே இறக்கச் சொன்னார்.

நேர்முகத்துக்குப்பின் வந்த ஈமெயில்களை லிஸ்ட் சார் உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டார். உங்களைச் சந்தித்ததில் மிகவும் மகிழ்ச்சி, உங்களைப் போன்றவர் எங்களுக்குப் பொருத்தமானவர் என்று ஒன்றில் இருந்தது.

"இது பஜ்ஜி சொஜ்ஜி சாப்டுட்டு, ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்னு சொல்ற மாதிரி" என்றார். இந்த விஷயத்தில் அவருடைய தீர்ப்பு அட்சரலட்சம் பெறும். அந்த இனிப்பு வார்த்தைகளை நம்பி ஏமாந்த டாக்டர்கள் அந்த நாட்டிலேயே ஏராளம்.

மூலாதாரமான தகராறு அதற்குப் பிறகுதான் கிளம்பியது. "ஓஹையோ உனக்கு ரொம்பப் பிடிச்சிருக்குன்னா அத மட்டும் முதல்ல போடாத. அது கிடைக்கலன்னா, ரெண்டாவது இடத்துக்காரன் 'நான் இவனுக்கு ரெண்டாந்தாரமா'ன்னு கதவ சாத்திருவான்."

பையன் பொறுமையாக விளக்கினான். 1952 முதல் நடந்துவரும் இந்தப் பொருத்த ஏற்பாட்டில், கணினி ஒவ்வொரு டாக்டரையும் அவருடைய முதல் விருப்பத்தின் வாசலில் நிறுத்திப் பார்க்கும். அந்த ஆஸ்பத்திரியின் பட்டியலில் அவர் பெயர் இருந்து, இடமும் இருந்தால், தற்காலிகமாக உட்காரவைக்கும். அவரைவிட அவர்கள் மேலாகக் கருதும் வேறொருவர் வந்தால் எழுப்பிவிட்டு, இரண்டாம் விருப்பத்துக்கு அழைத்துப் போகும். அங்கே இவர் எத்தனையாவது விருப்பமாக வந்திருக்கிறார் என்பது யாருக்கும் தெரியவும் தெரியாது, அதனால் ஒரு பாதிப்பும் வராது. ஆகையால் மனத்தில் இருப்பதை உள்ளபடி எழுதுவதே லாபம். தந்திரத்தால் ஒரு தம்பிடி கூடுதலாகக் கிடைக்காது. கேல், ஷேப்லி என்ற இரண்டு கணித மேதைகள் 1962-ல் கல்லூரிச் சேர்க்கையையும் கல்யாணத்தையும் ஒரே கட்டுரையில் வைத்து இந்தக் கணக்கைப் போட்டார்கள் என்றும், கேல் காலமானபின் 2012-ல் ஷேப்லிக்கும், அந்த முறையை நடைமுறைக்கு ஏற்பச் செப்பனிட்ட ஆல்வின் ராத்துக்கும் நோபல் பரிசு கிடைத்தது என்றும் சொன்னான்.

"கல்யாணத் தரகுக்கு நோபலா!" என்று சாரின் மனைவி உள்ளேயிருந்து ஆச்சரியப்பட்டார்.

லிஸ்ட் சார் அசையவில்லை. "தம்பி, நான் குவார்ட்டர்ஸுக்கு எழுதிப் போட்டவன். பெரிய வீடு வேணும்னு உள்ளதச் சொல்லி எழுதினவன்லாம் ரிட்டையர் ஆகுற வரைக்கும் வாடகை வீட்ல இருந்தான். எந்த ஊர்ல, மனசுல இருக்கறத அப்படியே எழுதிக் குடுத்து காரியம் நடந்திருக்கு?"

இந்தக் கேள்விக்கு நோபல் பரிசு பெற்றவர்களிடமும் பதில் இருக்குமென்று தோன்றவில்லை. ரேஷன் கடை முதல் பெண் பார்க்கும் கூடம் வரை, வேண்டியதை வேண்டாததுபோலவும் வேண்டாததை வேண்டியதுபோலவும் காட்டிக் காரியம் சாதித்த ஒரு தலைமுறையிடம் போய், உண்மையைச் சொல்லுங்கள், நஷ்டம் வராது என்றால், இதில் ஏதோ சூழ்ச்சி இருக்கிறது என்றுதான் அவர்கள் எண்ணுவார்கள்.

மார்ச் ஆரம்பத்தில், அந்நாட்டு இரவு ஒன்பது மணிக் கெடுவுக்கு, அதாவது நமக்குக் காலை ஏழரைக்கு முன்பாக, பையன் மாடியில் தனியே உட்கார்ந்து பட்டியலைச் சமர்ப்பித்தான். எந்தப் பட்டியலை என்று யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் வாரத் திங்கட்கிழமை, இடம் உண்டு என்று மட்டும் செய்தி வந்தது; வெள்ளிக்கிழமை இரவு ஒன்பதரைக்கு ஊர் தெரிந்தது. ஓஹையோ.

லிஸ்ட் சார் மனமார வாழ்த்தினார். தாம் அதை ஐந்திலிருந்து மூன்றுக்கு உயர்த்தியதைத் தெருவில் நினைவூட்டவும் தவறவில்லை. ஆனால் அன்று முதல் அவருக்கு ஒரே ஒரு குறை. பையன் அதை எத்தனையாவதாகப் போட்டான் என்பதுகூட அவருக்கு முக்கியமில்லை; அந்த ஆஸ்பத்திரிக்காரர்கள் தங்கள் பட்டியலில் இவனை எத்தனையாவதாக வைத்திருந்தார்கள்? அது தெரியாமல் நோட்டில் கடைசிப் பத்தி காலியாக இருக்கிறது.

நேற்று மாலை என்னை வழியில் நிறுத்தி, அந்தப் பொருத்த ஏற்பாட்டை நடத்துகிறவர்களின் வாஷிங்டன் விலாசத்துக்கு நாலு பக்கத்தில் தாம் எழுதியிருந்த மனு ஒன்றைக் காட்டினார். வாசகம் கச்சிதமாகத்தான் இருந்தது. பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டரை அந்த ஊரில் வாங்கிக்கொள்வார்களா, அல்லது கோர்ட் ஃபீ ஸ்டாம்பாகவே ஒட்டிவிடலாமா என்பது ஒன்றுதான் அவருக்குச் சந்தேகம்.