பிரிப்பேர் பண்றேன் மாமா

உலகம் நிலையில்லாதது என்று நம் பிள்ளைகளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். அவர்கள் அரசு வேலைக்கான டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வு எழுதுகிறவர்கள். 2024-இல் 6,244 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். கேட்ட படிப்பு பத்தாம் வகுப்புதான், ஆனால் பி.இ.யும் எம்.ஃபில்லும் அடுத்தடுத்த பெஞ்சில் உட்கார்ந்து ஓஎம்ஆர் தாளில் வட்டம் கருக்கும். 200 கேள்வி, மூன்று மணி நேரம். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் இவர்கள் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதியே உண்டு. (நூலகத்துப் புத்தகங்கள் பாவம், அலமாரியிலேயே ஓய்வெடுக்கட்டும்.) இவர்களைக் கூட்டிவைத்துத்தான் தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் விடாமுயற்சி பற்றி முழங்குகிறார்கள்! கல்யாண வீட்டில் மாமா கேட்கிறார்: “என்னப்பா பண்றே?” “பிரிப்பேர் பண்றேன் மாமா.” “அது நிரந்தர வேலையா?” “இதுவரைக்கும் அப்படித்தான் மாமா.”