நரம்பு கிடைக்கலையா, சிஸ்டர்?

தொண்ணூறுகளில் எங்கள் கேஷுவாலிட்டியில் ஒரு நர்ஸுக்குக் கிடைக்கக்கூடிய பெரிய பட்டம் 'கைராசிக்காரி'. டிரிப்ஸ் போட நரம்பு கிடைக்காமல் மற்றவர்கள் திணறினால், "அந்த சிஸ்டரைக் கூப்பிடுங்க" என்று ஆள் அனுப்புவார்கள். மேல் கையில் ரப்பர் டியூபை இறுக்கிக் கட்டுவோம். முழங்கை மடிப்பைத் தட்டுவோம். வெந்நீரில் நனைத்த துணியால் ஒற்றுவோம். கண்ணுக்குத் தெரியாவிட்டால் விரல் நுனிதான் துணை. பாம்புக்கடியோ, வயிற்றுப்போக்கில் வற்றிப்போன குழந்தையோ, யார் வந்தாலும் அதே வழிதான். எதுவும் பலிக்காவிட்டால் டாக்டர் வந்து கணுக்காலைக் கீறி, வெயினை வெளியே எடுத்து 'கட் டவுன்' செய்வார்.

டயாலிசிஸ் செய்துகொண்ட அம்மாக்களை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது. டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா போட்ட கையில் டிரிப்ஸுக்குக் குத்தவே கூடாது. மற்றக் கையோ ஊசி ஏறி ஏறித் தழும்பாகிக் கிடக்கும். "இன்னொரு தடவை குத்திப் பாரும்மா, பரவாயில்ல" என்று எங்களைத் தேற்றியவர்கள் அவர்கள்தான்.

இப்போது இங்கிலாந்தில் எமர்ஜென்சி பிரிவில் வேலை பார்க்கிறேன். அதே மாதிரிக் கையோடு ஒருவர் வந்தால் அல்ட்ராசவுண்ட் மெஷினைத் தள்ளிக்கொண்டு போகிறேன். மேல் கையின் உட்புறத்தில் ஜெல் தடவி புரோபை வைத்தால் திரையில் கறுப்பு வட்டங்கள் தெரியும். லேசாக அழுத்தினால் நசுங்கி மறைவது வெயின். எளிதில் நசுங்காமல் துடிப்பது ஆர்ட்டரி. ஆர்ட்டரியை விட்டுச் சற்றுத் தள்ளி ஓடும் பேசிலிக் வெயினைத்தான் முதலில் தேடுவேன். ஊசி முனை திரையில் சின்ன வெள்ளைப் புள்ளி. புரோபை இம்மியளவு முன்னால் நகர்த்தினால் புள்ளி மறையும். அது மறுபடி தெரியும்வரை ஊசியைச் செலுத்த வேண்டும். இப்படியே போய், கறுப்பு வட்டத்தின் நடுவில் புள்ளி வந்து நிற்கும். கேனுலா மட்டும் நீளமானதாக இருக்க வேண்டும். குட்டையானதைப் போட்டால் ஆழத்திலுள்ள வெயினிலிருந்து நழுவி, மருந்து சதைக்குள் இறங்கிவிடும்.

இது நேற்று வந்த வித்தை இல்லை. அமெரிக்க எமர்ஜென்சி டாக்டர்கள் 1999-இலேயே இதைப் பற்றி எழுதிவிட்டார்கள். 2004-இல் அங்கே நர்ஸுகள் செய்ததும் ஆய்வாக வந்தது.

நான் ஊரில் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலும் ஸ்கேன் மெஷின் இருந்தது, பூட்டிய அறைக்குள். கருவிலேயே பெண்ணை அடையாளம் கண்டு அழிப்பதைத் தடுக்க 1994-இல் வந்த சட்டம் ஸ்கேன் மெஷின்களைப் பதிவுக்கும் கணக்குக்கும் உட்படுத்தியது. பெண் சிசுக்கொலை நடந்த பக்கத்தில் வேலை பார்த்தவள் நான். அந்தச் சட்டத்தில் ஒரு வரிகூடத் தளரக் கூடாது என்பேன். ஆனால் வெயின் பார்க்கிற லீனியர் புரோப் சில சென்டிமீட்டர் ஆழத்தைக் காட்டவே செய்யப்பட்டது. அந்த ஒரு புரோபை மட்டும் பொருத்திய மெஷினை முறைப்படி பதிவு செய்து, டாக்டர் பொறுப்பில் கேஷுவாலிட்டியில் நிறுத்தி, நர்ஸுகளைப் பழக்கலாமே. பழகுவதற்குக் கோழி நெஞ்சுக்கறிக்குள் செருகிய ரப்பர் டியூபே போதும்.

இங்கே எங்கள் பிரிவில், இரண்டு முறை குத்தியும் வெயின் கிடைக்காவிட்டால் மூன்றாவது முறை வெறுங்கையோடு முயலக் கூடாது. போன வருஷம் சேர்ந்த பெண்ணும் அப்போது நேரே மெஷினைத்தான் எடுக்கிறாள். கைராசிக்காரியைத் தேடி யாரும் ஓடுவதில்லை.