மிஸ்டர் இவ்வளவுதானா

பெல்ஜியத்தைச் சுற்றிப் பார்க்க வரும் எந்தக் கூட்டத்திலும் இவர் ஒருவர் கட்டாயம் இருப்பார். எந்த நாட்டுக்காரர் என்று கேட்காதீர்கள், எல்லா நாட்டிலும் இவர் உண்டு. ஆளைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, வாயைத் திறந்தால் தெரிந்துவிடும். மற்றவர்கள் அண்ணாந்து பார்த்து “அடேயப்பா!” என்கிற இடத்தில், பழைய வீட்டுக்கு விலை பேச வந்தவர் மாதிரி இடுப்பில் கை வைத்து மேலும் கீழும் பார்ப்பார். பிறகு, “இவ்வளவுதானா?” என்பார். குரலில் ஏமாற்றம் இருக்கும், முகத்தில் பரம திருப்தி இருக்கும்.

இந்த ஏமாற்றம் தானாக வந்துவிடுவதில்லை. மாதக்கணக்கில் பாடுபட்டுச் சேர்த்தது. ஊரில் சோபாவில் சாய்ந்தபடி ஒவ்வொரு இடத்தின் படத்தையும் போனில் இரண்டு விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார். நேரில் வந்தபின் எதைப் பிடித்து இழுப்பது?

பிரஸ்ஸல்ஸ் ஆட்டோமியத்தில் கச்சேரி ஆரம்பமாகும். 1958 உலகக் கண்காட்சிக்காக எழுப்பியது. 18 மீட்டர் விட்டத்தில் ஒன்பது உருண்டைகள், அவற்றை இணைக்கும் குழாய்கள், மொத்தம் 102 மீட்டர் உயரம். இரும்புக்குள் அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் விதத்தை 16,500 கோடி மடங்கு பெருக்கிக் காட்டியிருக்கிறோம் என்று வழிகாட்டிப் பெண் பெருமையாகச் சொல்வார். நம்மவர் ஒரு நிமிஷம் யோசிப்பார்.

“16,500 கோடி மடங்கு பெருக்குனதுக்கு அப்புறமும் இவ்வளவுதானா?”

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அந்தப் பெண்ணுக்கு யாரும் பயிற்சி கொடுத்திருக்க மாட்டார்கள். கண்காட்சி முடிந்ததும் பிரித்துவிடுவதாகத்தான் இருந்தது, ஜனங்களுக்குப் பிடித்துப்போனதால் விட்டுவைத்தார்கள் என்று சமாளிப்பார். “பிரிச்சிருக்கலாம்” என்று தீர்ப்பு வரும்.

ஆட்டோமியத்தின் காலடியிலேயே மினி யூரோப் என்று ஒரு பூங்கா. ஈஃபிள் கோபுரம், பிக் பென், பைசா கோபுரம் எல்லாவற்றையும் 25-இல் ஒரு பங்காகச் செய்து வைத்திருக்கிறார்கள். இங்கே மட்டும் அவர் வாயில் அந்த வார்த்தை வராது. “சின்னதுன்னு பேர்லயே சொல்லிட்டாங்க பாரு. நாணயமான ஆளுங்க” என்று மனைவியிடம் மெச்சிக்கொள்வார். உபரியாக ஒரு லாபமும் உண்டு. பாரிஸ், லண்டன், பைசா மூன்றும் ஒரே மத்தியானத்தில் முடிந்துவிட்டதால் விமான டிக்கெட் மிச்சம்.

அடுத்து கென்ட் நகரம். புனித பாவோ தேவாலயத்தில் வான் ஐக் சகோதரர்களின் பலிபீட ஓவியம், 1432-இல் முடித்தது. நடுவே நிற்கும் ஆட்டுக்குட்டியின் நெஞ்சிலிருந்து ரத்தம் கிண்ணத்தில் பீறிட்டு விழுகிறது. சுற்றிலும் உள்ள புல்வெளியில் பூவும் இலையும் தனித்தனியாகத் தெரியும்படி அவ்வளவு நுணுக்கம். எல்லாரும் பேச்சு மூச்சில்லாமல் நிற்க, இவர் மட்டும் கையேட்டைப் படித்துக்கொண்டிருப்பார். 1934-இல் ஒரு பலகை திருடு போனது, இன்றுவரை கிடைக்கவில்லை, அந்த இடத்தில் இருப்பது நகல் என்ற வரி கண்ணில் பட்டதும் முகம் மலரும். அந்தப் பலகைக்குரிய காசைக் கழித்துக்கொண்டுதானே டிக்கெட் கொடுத்திருக்க வேண்டும்?

புரூஜ் நகரத்து மணிக்கூண்டு 83 மீட்டர் உயரம், 366 படி. சுருள் படிக்கட்டு மேலே போகப் போகக் குறுகும். இறங்குகிறவர் சுவரோடு ஒட்டிக்கொண்டால்தான் ஏறுகிறவர் நுழைய முடியும். கோபுரம் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவாகச் சாய்ந்திருக்கிறது என்று கீழேயே யாரோ சொன்னார்கள். “சாயறதுன்னா பைசா மாதிரி சாயணும்” என்று அப்போதே தள்ளிவிட்டார். ஆனால் உச்சிக்குப் போனதும், கீழே சிவப்பு ஓட்டுக்கூரைகளையும் கால்வாய்களையும் பார்த்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் நிற்பார். அழகில் மயங்கிவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். மூச்சு வாங்குகிறது. “வந்ததுலயே இந்த இடம்தாங்க நிம்மதி” என்பார் மனைவி.

கடைசி நாளுக்கென்று அவர் பத்திரப்படுத்தி வைத்திருப்பது மன்னெகன் பிஸ்ஸை. பிரஸ்ஸல்ஸ் கிராண்ட் பிளாஸ் சதுக்கத்துக்குப் பக்கத்துத் தெருமுனையில் நின்று, ஊர் பார்க்கச் சிறுநீர் கழித்துக்கொண்டிருக்கும் வெண்கலப் பொடியன். உயரம் 55 சென்டிமீட்டர் சொச்சம். எப்போது போனாலும் அங்கே கூட்டம் நெரியும். நம்மவர் முழங்கையால் வழி பண்ணிக்கொண்டு முன்வரிசைக்கு வந்து, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, தன் வாழ்நாளின் உச்ச “இவ்வளவுதானா”வை உதிர்ப்பார்.

பக்கத்தில் நிற்பவர் சும்மா இருக்காமல் சரித்திரம் சொல்வார். 1619-இல் ஜெரோம் டுகேனுவா என்ற சிற்பி செய்தது. 1747-இல் பிரெஞ்சுச் சிப்பாய்கள் இவனைத் தூக்கிக்கொண்டு போக, ஊரே கொதித்தெழுந்தது. ஜனங்களைச் சமாதானப்படுத்த மன்னர் பதினைந்தாம் லூயி இவனுக்குச் சரிகை உடுப்பு கொடுத்தார். இன்று இவனுக்கு ஆயிரத்துக்கும் மேல் உடுப்புகள், அவற்றை வைக்கத் தனி அருங்காட்சியகம். இதையெல்லாம் கேட்டுவிட்டு இவர் ஒன்றுதான் கேட்பார்: “இது ஒரிஜினல்தானா?” இல்லை, இது நகல், அசல் சதுக்கத்திலுள்ள நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவ்வளவுதான், ஓட்டமும் நடையுமாக அங்கே போய்விடுவார். “அதே சைஸ்தான்!” என்று திரும்பி வருவார், ஒரே பையனிடம் இரண்டு தடவை ஏமாந்த பூரிப்போடு.

இவர் பிரஸ்ஸல்ஸின் பெயரைக் கெடுக்கிறார் என்று யாரும் வருத்தப்பட வேண்டாம். அழகான சிலைகள் ஐரோப்பாவில் தடுக்கி விழுந்த இடமெல்லாம் இருக்கின்றன. இந்தப் பொடியன் உலகப் புகழ் பெற்றது, பார்த்தவன் ஒவ்வொருவனும் ஊருக்குப் போய்ப் புலம்பியதால்தான். நம்மவரும் போன கையோடு அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டு வைத்து ஆரம்பிப்பார். “அங்க மட்டும் போயிடாதீங்க. பையன் இத்தனூண்டு!” முதல் நாள் இரண்டு கைக்கும் நடுவே ஒரு முழம் இருக்கும். அடுத்த வாரம் ஒரு சாண் ஆகும். தீபாவளிக்கோ கிறிஸ்துமஸுக்கோ உறவுக்காரர்கள் கூடும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமே போதுமென்றாகிவிடும்.

கேட்டுக்கொண்டிருந்த மச்சானுக்குத் தூக்கம் வராது. அவ்வளவு சின்னதாகவா ஒரு சிலை இருக்கும்? அடுத்த லீவுக்குக் குடும்பத்தோடு டிக்கெட் போட்டுவிடுவார். அதே தெருமுனையில், அதே நெரிசலில் எட்டிப் பார்த்துவிட்டு மனைவியிடம் சொல்வார்:

“உங்க அண்ணன் சொன்னதுக்கு இது எவ்வளவோ பெரிசு!”