கொம்பை எண்ணாத பாய்

ஆம்பூரில் நல்ல பிரியாணிக் கடை எது என்று பத்துப் பேரைக் கேட்டால் பதினோரு கடை சொல்வார்கள். வீட்டுக்கு எந்த ரவுட்டர் வாங்கலாம் என்று கேளுங்கள், அத்தனை பேரும் ஒரே திண்ணையைக் காட்டுவார்கள். "பாயை ஒரு வார்த்தை கேட்டுடு."

இவர் தனி மனிதரல்ல, ஒரு ஜாதி. வாணியம்பாடியில் இதே ஆள் தோல் கெமிக்கல் ஏஜென்ட்டாக இருப்பார். ராணிப்பேட்டையில் பெல் கம்பெனியில் ரிட்டையரான ஃபோர்மேன். காட்பாடிக்குப் போனால், பையனை இன்ஜினீயரிங் சேர்த்துவிட்டு அவன் புத்தகத்தில் பாதியைத் தானே படித்து முடித்த அப்பா. இருந்தாலும் முதல் தரம் ஆம்பூர்ச் சரக்குதான். டேனரியில் அசார்ட்டிங் மேஜைக்கு முன்னால் ஆயுசில் பாதியை நின்றே கழித்தவர். தோலை விரித்து உள்ளங்கையால் ஒரு தடவு, வெளிச்சத்தில் சாய்த்து ஒரு பார்வை, ஓரத்தை மடித்து ஒரு அழுத்து. "இது உண்ணிக்கடி, இது உரிக்கும்போது கத்தி பட்டது, இது ரெண்டாம் தரம்" என்று தீர்ப்பு வந்துவிடும். அப்பீல் கிடையாது.

ரிட்டையரான கைக்குத் தடவிப் பார்க்க ஏதாவது வேண்டுமே. 2020 லாக்டவுனில் பேரனுக்கு ஆன்லைன் கிளாஸ். டீச்சர் குரல் வரும்போது முகம் வராது, முகம் வரும்போது குரல் வராது. பாய் மெள்ள எழுந்து ரவுட்டரைக் கழற்றினார், புரட்டினார், அடியில் ஒட்டியிருந்த சீட்டைக் கண்ணாடி போட்டுப் படித்தார். டேனரி இழந்த ஆளை அன்று இன்டர்நெட் பிடித்துக்கொண்டது.

இப்போது யோசனை கேட்டு வருகிறவர்களுக்குக் குறைவே இல்லை. ஷூ கம்பெனியில் மெர்ச்சன்டைசராக இருக்கிற பெண், இத்தாலிக்காரனோடு வீடியோ காலில் பேசும்போது அவன் முகம் கட்டம் கட்டமாக உடைகிறது என்பாள். வேலூர் சி.எம்.சி.யில் நர்ஸாக இருக்கிற அம்மா, நைட் டியூட்டி முடித்து வந்து பகலில் ஒரு படம் நிம்மதியாகப் பார்க்க முடியவில்லை என்பார். ஒரு தம்பி மட்டும் யோசனை கேட்க வரமாட்டான். முடிவு பண்ணிவிட்டு ஒப்புதல் வாங்க வருவான்.

"பாய், ஆறு கொம்பு வெச்சது ஒண்ணு பார்த்தேன். விலையும் கம்மி. வாங்கிடட்டா?"

"தம்பி, நம்ம ஊர்ல கொம்பை எண்ணித் தோல் வாங்கினவன் எவனாவது கீறானா?"

கொம்பு என்றால் ஆன்டெனா. சில பெட்டிகளில் உள்ளே இருக்கிற சிப்பு ரெண்டு ஆன்டெனாவைத்தான் ஒரு பேண்டுக்குப் பயன்படுத்தும். வெளியே நாலு, ஆறு என்று நட்டு வைப்பது கண்ணுக்கு அழகு. பெட்டி மேலே ஏசி 1200 என்று போட்டிருப்பதும் அப்படித்தான். 2.4 கிகாஹெர்ட்ஸில் 300, 5 கிகாஹெர்ட்ஸில் 867, ரெண்டையும் கூட்டினால் 1167, முழுசாக்கி 1200. ஒரு போன் ஒரு நேரத்தில் ஏதாவது ஒரு பேண்டில்தான் உட்காரும், அதிலும் காகிதக் கணக்கில் பாதி வந்தாலே பெரிய விஷயம். "அப்பர் எத்தனை அடி, லைனிங் எத்தனை அடின்னு தனித்தனியா சொல்லுடான்னா, ரெண்டையும் கூட்டி ஒரே பில்லா போடறான்" என்று பாய் கம்பெனிகளைத் திட்டுவார். கேட்டுக்கொண்டிருக்கும் தம்பி, தன் தப்புத்தான் போல, தலையைக் குனிந்துகொள்வான்.

பிறகு விசாரணை. பிளான் எத்தனை எம்பி? வீட்டில் எத்தனை செவுரு? பீரோ எங்கே? கடைசிக் கேள்வி வம்புக்கில்லை. ஆம்பூர்ப் பழைய வீடு ரயில் பெட்டி மாதிரி நீளம். கேபிள்காரர் வாசலோடு வந்து வாசலோடு போகிறவர், ரவுட்டரை ஷோகேஸில் வைத்துவிடுவார். வீட்டு அம்மா அதன்மேல் தூசி படாமல் குரோஷா துணி போர்த்திவிடுவார். உள்ளே பெட்டி வேர்க்கும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் இரண்டாவது சுவருக்கே மூச்சு வாங்கும். 2.4 சுவர் தாண்டும், ஆனால் அங்கே ஒன்றோடொன்று மோதாத சேனல் மூன்றுதான், 1, 6, 11. தெருவே அந்த மூன்றில் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். ஆகவே ரெண்டு பேண்டும் இருக்கணும், பெட்டி வீட்டுக்கு நடுவில் இருக்கணும், பீரோவுக்குப் பின்னால் இருக்கவே கூடாது. பீரோவை நகர்த்தச் சொன்னதால் இவர் சில வீடுகளில் பேச்சுவார்த்தை இழந்திருக்கிறார்.

இவர் நிஜமாகவே பிரகாசிக்கிற இடம் ஒயர். ஒரு வீட்டில் 200 எம்பி பிளான், புது ரவுட்டர், ஆனால் வேகம் 94-ஐத் தாண்டமாட்டேன் என்றது. பாய் மொபைலை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சட்டைப் பையிலிருந்து தோலின் கிரைன் பார்க்கிற பூதக்கண்ணாடி வந்தது. ரவுட்டருக்கு வரும் கேபிளின் முனையை, அந்தக் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் பின்னை, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். எட்டு கம்பி இருக்க வேண்டிய இடத்தில் ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் மட்டும் உள்ளே போயிருந்தன. நீலமும் பழுப்பும் வெளியே கத்தரித்துக் கிடந்தன. நாலு கம்பியில் 100 எம்பிக்கு மேல் போகாது; கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். "பாதித் தோல்ல முழு ஷூ தைக்கச் சொன்னா எப்படி?" என்றார். எட்டையும் கிரிம்ப் பண்ணி மாட்டியதும் மீட்டர் ஏறியது. அந்த வீட்டில் அன்று அவருக்குக் கிடைத்த மரியாதை மாப்பிள்ளைக்கும் கிடைத்ததில்லை.

இதே நியாயத்தால்தான் ஆயிரத்துச் சொச்ச ரூபாய்ப் பெட்டியைக் கையில் எடுத்ததும் முதலில் பின்பக்கத்தைத் திருப்புவார். அங்கே 100 எம்பியோடு நின்றுவிடும் 10/100 போர்ட் இருந்தால், முன்பக்கம் எத்தனை பெரிய நம்பர் அச்சடித்திருந்தாலும் திரும்ப வைத்துவிடுவார். இன்னும் ஒன்றரை மடங்கு காசு போட்டு கிகாபிட் போர்ட் வாங்கு என்பார். அதற்காக வைஃபை 7 வாங்கப் போகிறவனையும் விடமாட்டார். "உன் போன் எந்த வருஷம்? அது பேசாத பாஷைக்கு எதுக்கு வாத்தியார்?"

வேகத்தைவிட அவருக்குப் பாதுகாப்புதான் பெரிய விஷயம், அதற்கும் காரணம் தோல். ஐரோப்பாவுக்குப் போகும் தோலில், கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் 'குரோமியம் 6' இருக்கக்கூடாது என்று 2015-லிருந்து சட்டம். கைக்கு வழவழப்பாக, கண்ணுக்குக் குறையில்லாமல் இருக்கிற சரக்கு லேப் ரிப்போர்ட்டில் விழுந்ததைப் பார்த்த ஊர் இது. அதனால் ரவுட்டர் பளபளப்பை அவர் நம்புவதில்லை. எத்தனை வருஷத்துக்கு அப்டேட் தருவான் என்று கேட்பார். கடைக்காரர் ஒரு வருஷ வாரன்டி என்பார். "வாரன்டி பெட்டிக்கு, அப்டேட் உனக்கு" என்பார் பாய். கடைக்காரர் அடுத்த கஸ்டமரைப் பார்க்கத் தொடங்குவார்.

நம்பாதவர்களுக்கு வரலாறு வைத்திருக்கிறார். 2016 அக்டோபரில் மிராய் என்கிற தீநிரல், ஃபாக்டரியில் போட்ட கடவுச்சொல் மாறாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் படை திரட்டி அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸையெல்லாம் சில மணி நேரம் தடுமாற வைத்தது. அமெரிக்காக் கதை என்று தம்பி கொட்டாவி விட்டால், 2017 ஜூலைக்கு வருவார். பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் மோடம்களை ஒரு வைரஸ் அடித்தது. சிக்கியவை 'அட்மின்' என்ற பிறவிக் கடவுச்சொல்லோடேயே வாழ்ந்தவை. பாஸ்வேர்டை மாற்றுங்கள் என்று நிறுவனமே சந்தாதாரர்களைக் கேட்டுக்கொண்டது. இங்கிலாந்தில் 2024 ஏப்ரல் 29 முதல், எளிதில் ஊகிக்கக்கூடிய பொதுக் கடவுச்சொல்லோடு இப்படிப்பட்ட சாமான் விற்கக்கூடாது, எத்தனை காலம் அப்டேட் என்பதையும் சொல்லியாக வேண்டும். "நாம ஷூ அனுப்புற ஊர்க்காரன் கேட்கிறான். நாம மட்டும் கொம்பை எண்ணிகிட்டு கீறோம்."

இத்தனையும் கேட்டபின் தம்பி என்ன செய்வான் என்று நினைக்கிறீர்கள்? பாதிப் பேர் ஆறு கொம்பையே வாங்கிக்கொண்டு போவார்கள். பாய்க்கு வருத்தமில்லை. மூன்று மாதத்தில் திரும்ப வருவார்கள் என்று தெரியும்.

சொந்த வீட்டில்தான் இவருக்குச் சோதனை. வைஃபைக்கு டபிள்யூபிஏ3 பூட்டு, பாஸ்வேர்டு கேட்காமலே உள்ளே விடும் டபிள்யூபிஎஸ் பட்டன் அணைப்பு, அட்மினுக்குத் தனிப் பாஸ்வேர்டு, வைஃபைக்குத் தனிப் பாஸ்வேர்டு. வைஃபை பாஸ்வேர்டின் நீளம் எப்படியென்றால், வந்த விருந்தாளி அதை அடித்து முடிப்பதற்குள் பிரியாணியும் கத்தரிக்காயும் ஆறிவிடும். ஆகவே விருந்தாளிகளுக்கென்று தனி நெட்வொர்க் போட்டார். அவர்கள் போனில் என்ன இருந்தாலும் வீட்டு கேமராவையோ லேப்டாப்பையோ தொட முடியாது. சுலபமான பாஸ்வேர்டு, வெறும் இன்டர்நெட் மட்டும். அதற்கு 'கெஸ்ட்' என்று பெயரும் வைத்தார்.

பெருநாளைக்கு வாணியம்பாடியிலிருந்து சம்பந்தி வந்தார். போனைத் திறந்தார். பட்டியலில் இரண்டு பெயர், 'ஃபேமிலி', 'கெஸ்ட்'. பாய் காட்டிய பெயரைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் பார்த்தார்.

"பொண்ணு கொடுத்து எட்டு வருஷம் ஆச்சு. நாங்க இன்னும் கெஸ்ட்டா பாய்?"

பாய் ஃபயர்வால், ஐசொலேஷன் என்று விளக்கப் பார்த்தார். விளக்க விளக்கக் கேஸ் மோசமானது. உள்ளே பாத்திரச் சத்தம் நின்றுபோயிற்று. மருமகள் கதவோரம் வந்து நின்றாள்.

பாய் மாடிக்குப் போய் லேப்டாப்பைத் திறந்தார். பாதுகாப்பில் ஒரு நூல் விட்டுக்கொடுக்கவில்லை. பெயரை மட்டும் மாற்றிப் போட்டார். பத்து நிமிஷத்தில் சம்பந்தி 'ஃபேமிலி'யில் சேர்ந்து, வாணியம்பாடிக்கு வீடியோ கால் போட்டு வீட்டைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார்.

அன்று ராத்திரி பீவி போனை எடுத்துக்கொண்டு வந்தார்.

"ஏங்க, நம்ம போனு, பேரன் லேப்டாப்பு, கேமரா எல்லாம் கெஸ்ட்டுன்னு காட்டுதே?"

"ஆமா. இப்ப நம்மதான் கெஸ்ட்டு."

"அப்படின்னா காலைல டீ போட அவங்க வீட்டுலேர்ந்து ஆள் வரச் சொல்லுங்க" என்று விளக்கை அணைத்துவிட்டார்.