நின்ற நிலையிலே பலம்

கேள்வி: ஷண்டிங் செய்யும் சிறிய டீசல் எஞ்சின், நீண்ட பெட்டி வரிசையை நின்ற நிலையிலிருந்தே நகர்த்துவது எவ்வாறு? (தலைமன்னார் வாசகர்)

பதில்: டீசல் யந்திரத்துக்கு ஓடினால்தான் சக்தி, ஆகையால் அது சக்கரத்தை நேரே தொடாமல், ஜெனரேட்டரைச் சுழற்றி மின்சாரத்தைச் சம்பாதித்துக் கொடுக்க, அச்சோடு பிணைந்த மோட்டார்கள், சக்கரம் அசையாதிருக்கும் அந்த க்ஷணத்திலேயே தம் முறுக்கு விசையைத் தாராளமாகச் செலவழிக்கின்றன. சம்பாதிப்பவரும் செலவிடுபவரும் இத்தனை ஒற்றுமையாயிருக்கும் குடும்பம் அபூர்வம்! 1930களில் இலங்கைக்கு வந்த ஆம்ஸ்ட்ராங் விட்வர்த் நிறுவனத்தின் ஜி1 எஞ்சின் இந்த ஜாதியே. மோட்டாரின் காந்தச் சுருளில் மின்னோட்டத் திசையை மாற்றினால், பின்னோக்கியும் அதே பலம்.

ஆனால் பலம் மட்டும் போதாது. எஞ்சினின் கனம் குறைந்தாலோ, உங்கள் கடற்காற்றில் தண்டவாளம் ஈரமானாலோ சக்கரம் வழுக்கும். அப்போது எஞ்சினிலிருந்து காய்ந்த மணலைத் தூவுவார்கள். மன்னாரில் மணலுக்கா பஞ்சம்!