ஒன்றரைப் புள்ளி: ஓர் இலக்கண ஆராய்ச்சி

மானிட்டருக்கு உரிய நேட்டிவ் ரெசல்யூஷனை விட்டுக் கீழிறங்கி கேம் ஆடுதல் ‘தாழ்வழக்கு’ எனப்படும். அது வறுமைத் தாழ்வு, விருப்பத் தாழ்வு, மறதித் தாழ்வு என மூவகைத்து.

மறதித் தாழ்வாவது, செட்டிங்ஸை மாற்றியதையே மறந்துவிட்டுக் கண் டாக்டரிடம் போவது.

விருப்பத் தாழ்வாவது, கவுன்டர்-ஸ்ட்ரைக் ஆடுவோர் 1280×960 படத்தை அகலத் திரைக்கு இழுத்து விரித்து, எதிரியைப் பருமனாக்கிச் சுடுவது. பருத்தவன் திரையில் அதே விகிதத்தில் வேகமாகவும் ஓடுவான், அது தனிக்கதை.

வறுமைத் தாழ்வே ஈண்டு விரிக்கப்படும். 1920×1080 திரையில் 20,73,600 புள்ளிகள். 1280×720க்கு இறங்கினால் 9,21,600. கிழட்டு கிராபிக்ஸ் கார்டு பெருமூச்சு விடும். ஆனால் ஒவ்வொரு புள்ளியும் நெடுக்கிலும் குறுக்கிலும் ஒன்றரைப் புள்ளி இடத்தை நிரப்ப வேண்டும். திரையில் அரைப் புள்ளி ஏது? பக்கத்துப் புள்ளிகளின் நிறத்தைக் கலந்து பூசிவிடுகிறார்கள். இது திரிதல் விகாரம். ஐகாரக் குறுக்கமும் மொழிக்கு முதலில் ஒன்றரை மாத்திரை பெறுவதை நோக்குக. தற்செயல் என்பாருக்கு முனைவர் பட்டம் கிட்டாது.

3840×2160 திரையில் 1920×1080 படமோ ஒன்றுக்கு நான்காகப் பிசிறின்றிப் பொருந்தும். இது இயல்புப் புணர்ச்சி. ஆயினும் முழு எண் ஸ்கேலிங்கைப் போடாவிட்டால் திரை அதையும் பெரும்பாலும் குழப்பியே காட்டும். இல்லாத புள்ளியை ஊகித்து வரையும் டிஎல்எஸ்எஸ் 2018இல் வந்தது. இது தோன்றல். செல்லரித்த ஏட்டில் நம் பதிப்பாசிரியர் சிலர் நெடுங்காலமாகச் செய்துவருவதும் இதுவே.

களப்பணி: சித்தி மகன் கணினியில், மூலையில் தெரியும் தோட்டா எண்ணிக்கை எட்டா, மூன்றா என்பதில் பாடபேதம் எழுந்தது. எண்ணின் இடப்பக்கம் சாம்பலாய்க் கரைந்திருந்தது. ‘எட்டு’ என்றார் மாடிவீட்டு உரைகாரர். ‘மூன்று’ என மறுத்தார் சர்வீஸ் கடைக்காரர், முன்பு தாம் சொன்ன ‘ஆறு’ இடைச்செருகல் என்னும் முன்னுரையோடு. அம்மறுப்புக்கு அடிக்குறிப்பாக அவர் கடைப்பையன் திரையைச் சட்டை நுனியால் துடைத்தான். துடைத்த இடத்தில் ‘பூச்சியம்’ என்னும் மூன்றாம் பாடம் கிடைத்தது.

முடிவு கேட்டுத் தம்பியை அணுகினோம். “எத்தனை இருந்தா என்னண்ணா? நான் எப்பவும் ரீலோட் பண்ணிடுவேன். தள்ளுங்க, மறைக்குது.”

இக்கூற்று இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.